வெளியூர் டப்பா

அன்றைக்கு அந்த வகுப்பறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரையும் விட்டுவிடக் கூடாது என்று இரண்டு தடவை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர். அவர்களுடைய அமுதா டீச்சர். எல்லோரும் பெரிய டீச்சர் என்று கூப்பிடுகிற தலைமையாசிரியை. பணத்தை வாங்கி பாங்கில் கட்டுவதற்காகப் பையோடு வந்திருந்த கிளார்க் சார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கதவோரமாக நின்ற நான்.

அந்த வகுப்பில் மொத்தம் முப்பத்திரண்டு பேர். வராத ஒருத்தி என் மகள். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வயிற்றில் டியூப் செருகிப் படுத்திருந்தாள். இங்கே அவளைக் கவி என்று எழுதுகிறேன். "எழுதிக்கம்மா, பேர மட்டும் மாத்திடு" என்று அவள்தான் சொன்னாள்.

மேசைமேல் ஒரு தகர உண்டியலை வைத்தேன். பக்கவாட்டில் பூட்டு தொங்கியது. பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல்தகடுதான் கிழிந்து, ஓரம் சுருண்டு நின்றது.

முன் பெஞ்சில் இருந்த ஒரு பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது. "டீச்சர், உள்ள ஒண்ணுமே இல்ல டீச்சர்."

இரண்டு டப்பாக்கள்

போன வாரம் இந்தத் தொடரில் பட்டறையில் பாம்பு புகுந்த கதையை எழுதியிருந்தேன். படித்தவர்களுக்கு என் வேலை தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எங்கள் ஊர். காட்டிலிருந்து வருகிற சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் அரிவாள்மனையில் அறுத்துச் சுத்தம் செய்கிற வேலை எனக்கு. அறுத்த வெங்காயத்தைக் காற்றுப் போகும்படி நீளமாக அடுக்கி, மேலே கூரை போட்டு வைப்பார்கள். அதுதான் பட்டறை. மூட்டைக் கணக்கில் கூலி. வீட்டுக்காரர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் ஆறேழு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள் வந்தால் பிள்ளைகள் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வரலாம். ஆனால் வகுப்புக்கு மிட்டாய் கொடுக்கக் கூடாது. மிட்டாய்க் காசை டப்பாவில் போட வேண்டும். வசதியுள்ள பிள்ளை ஐம்பது போடும், இல்லாத பிள்ளை இரண்டு ரூபாய் போடும். யார் எவ்வளவு போட்டது என்று சொல்ல மாட்டார்கள். பேரை மட்டும் காலைப் பிரேயரில் வாசிப்பார்கள்.

டப்பா இரண்டு. ஒன்றில் 'உள்ளூர்' என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் 'வெளியூர்'. பாதியை இதிலும் பாதியை அதிலும் போட வேண்டும். பெரிய டீச்சர் கொண்டுவந்த ஏற்பாடு. நம் ஊரிலும் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், கடலுக்கு அந்தப் பக்கமும் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு இரண்டும் தெரிய வேண்டும் என்பார்.

டப்பாவுக்குப் பொறுப்பு கவி. வெள்ளிக்கிழமைதோறும் அமுதா டீச்சர் பூட்டைத் திறக்க, கவி எண்ணி நோட்டில் எழுதுவாள். ஒரு தடவை பள்ளிக்கூடத்துப் பூட்டை உடைத்துக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்விட்டார்கள். அதிலிருந்து சனி, ஞாயிறுக்கு டப்பா எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். சாவி டீச்சரிடம் இருக்கும்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஜாதி. டப்பா வீட்டில் இருக்கிற இரண்டு ராத்திரியும் எனக்குத் தூக்கம் வராது.

"அடுத்தவங்க காசு நமக்கெதுக்குடி? வேணாம்னு சொல்லிடு" என்பேன்.

"நம்ம காசா இருந்தாதாம்மா பயப்படணும். இத யாரு எடுப்பா?" என்பாள்.

அந்த வருஷம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கூரைவீடு எரிந்துபோனது. உள்ளூர் டப்பாவைக் காலி செய்து யூனிஃபார்ம், நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் வாங்கினார்கள். கவிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து, சோறு தின்றுகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நான் என்னம்மா பண்ணேன்? அவ என்னப் பாத்தா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறா."

சாப்பிடு என்றேன்.

அப்போதுதான் ஏதோ ஒரு தூரத்து நாட்டில் நிலநடுக்கம் வந்தது. பேப்பரில் ஒரு படம். இடிந்த வீட்டுக்கு முன்னால் நீல ஸ்வெட்டர் போட்ட பையன், ஒற்றைக் காலில் மட்டும் செருப்பு. கவி அதை வெட்டி வெளியூர் டப்பாவில் ஒட்டினாள். பிறந்தநாள் வராத பிள்ளைகள்கூட பஸ் காசை மிச்சம் பிடித்துப் போட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை எண்ணியபோது ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். திங்கட்கிழமை டி.டி. எடுத்து, திருச்சியில் உதவிப் பணம் சேர்க்கிறவர்களுக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமையே வயிறு வலிக்கிறது என்றாள். ஓமத்தண்ணி கொடுத்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்கெல்லாம் சுருண்டு படுத்து, காலை நீட்டவே முடியவில்லை. வாந்தி பச்சையாக வந்தது. உடம்பு கொதித்தது.

பெரம்பலூர் ஜி.எச்.சுக்குப் போயிருந்தால் காசில்லாமல் பார்த்திருப்பார்கள். இன்றைக்கு நிதானமாக எழுதும்போது அது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இருப்பாரோ மாட்டாரோ, வரிசையில் நிற்கச் சொல்வார்களோ, திருச்சிக்குப் போ என்பார்களோ என்று ஒன்றன்மேல் ஒன்றாக நினைத்துக்கொண்டேன். தனியாரில் உடனே பார்ப்பார்கள் என்று மட்டும் மனசு சொன்னது.

கையில் நாலாயிரம் இருந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டால், லாரி ஆந்திராவில். பட்டறை முதலாளி போனை எடுக்கவில்லை. பக்கத்து வீடுகளில் எல்லோரும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள்.

அலமாரியில் வெளியூர் டப்பா இருந்தது.

அரிவாள்மனையைச் சாய்த்துப் பிடித்து, முனையால் மேல்தகட்டைக் கிழித்தேன். சத்தம் கேட்டுக் கவி கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, அது அவங்களுதும்மா. தொடாத."

"திருப்பி வச்சிடலாம்டி."

"தொடாதம்மா..." என்றவள் மறுபடி வாந்தி எடுத்தாள். நான் சில்லறையை முந்தானையில் கொட்டிக் கட்டினேன்.

ஆட்டோவுக்கு முந்நூறு. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு, குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார்கள். அட்வான்ஸ் பத்தாயிரம். முந்தானையை அவிழ்த்துக் கவுண்டரில் கொட்டினேன். பத்து ரூபாய் நோட்டு, ஐந்து ரூபாய்க் காசு, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்.

கவுண்டரில் இருந்த பையன் சிரித்தான். "என்னம்மா இது, கோயில் உண்டியல உடைச்சிட்டு வந்தீங்களா?"

பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கட்டியது போக நாற்பது ரூபாய் மிச்சம். வாசலில் இளநீர் விற்றார்கள். கவிக்கு என்று ஒன்று வாங்கிக்கொண்டு ஓடினேன். அதற்குள் அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். "தண்ணிகூடக் குடுக்கக் கூடாதும்மா" என்றார் நர்ஸ். வெட்டிய இளநீர். வைத்திருந்தால் வீணாகிவிடும். நாக்கு வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்று நானே அதைக் குடித்தேன்.

குளிர்ச்சியாகவும் இனிப்பாகவும் இருந்தது. இதுவரை யாரிடமும் சொல்லாதது இது.

நான்கு கொடிகள்

இடையில் ஒரு பழைய சங்கதி.

நானும் எட்டாம் வகுப்புவரைதான் படித்தேன். அப்போது கொடி நாள் என்று பள்ளிக்கூடத்தில் காகிதக் கொடிகள் தருவார்கள். எனக்குப் பத்து. ஒன்று ஒரு ரூபாய். குண்டூசியால் சட்டையில் குத்திவிட்டுக் காசு வாங்கி வர வேண்டும். ஆறு விற்றேன். மீதி நான்கை மழையில் நனைத்துவிட்டேன். சாயம் ஒன்றோடு ஒன்று கலந்து கூழாகிவிட்டது.

நான்கு ரூபாய். அப்பாவிடம் கேட்கப் பயம். டீச்சரிடம் சொல்லப் பயம். அடுத்த நாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் ஆனதும், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்கிற பயம் அதோடு சேர்ந்துகொண்டது. அந்த நேரம் பார்த்து வெங்காய அறுவடை வந்தது. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

நான்கு ரூபாயால்தான் படிப்பு நின்றது என்று சொன்னால் அது பொய். வீட்டில் கஷ்டம் இருந்தது. ஆனால் திரும்பிப் போகாமல் இருப்பதைச் சுலபமாக்கியது அந்த நான்கு ரூபாய்தான். பல வருஷம் கழித்து, கூடப் படித்தவள் ஒருத்தியை பஸ்ஸில் பார்த்தேன். என் கொடிக் காசை டீச்சர் தன் கையிலிருந்து போட்டுக் கட்டிவிட்டார், அடுத்த நாளே அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று சொன்னாள்.

கைதட்டு

மறுபடி அந்த வகுப்பறைக்கு வருகிறேன்.

நடந்ததைச் சொன்னேன். இளநீரை மட்டும் சொல்லவில்லை. கிளார்க் சார் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அமுதா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய டீச்சர் நல்ல மனுஷி. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"உங்க காசு எங்கயும் போகல. நம்ம கவி உசுரக் காப்பாத்தியிருக்கு. எல்லாரும் கைதட்டுங்க."

முப்பத்தொரு பிள்ளைகளும் தட்டினார்கள். கடைசி பெஞ்சில் தினேஷ் என்று ஒரு பையன், வாய்த்துடுக்கு. தட்டிக்கொண்டே கேட்டான்.

"டீச்சர், அப்ப அந்த ஸ்வெட்டர் பையனுக்கு?"

"அப்புறம் பாத்துக்கலாம், உக்காரு."

ஒரு மாதம் கழித்துக் கவி பள்ளிக்கூடம் போனாள். தையல் இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். பிரேயரில் அவளை முன்னால் நிறுத்தி, எல்லோருக்கும் நன்றி சொல்லு என்றார்களாம். அவள் மைக்கில், "நான் திருப்பிக் குடுத்துடறேன்" என்றிருக்கிறாள். கூட்டம் சிரித்துவிட்டது.

அன்று மத்தியானமே பேர் வைத்துவிட்டார்கள். வெளியூர் டப்பாக் காசை எடுத்துக்கொண்டவள் அல்லவா? அதனால் ஃபாரின்.

"ஏ ஃபாரின், தண்ணி பாட்டில் குடு."

"ஃபாரினுக்கு வயிறு ஆயிரம் ஆயிரமா தின்னும்டா."

அதில் பெரிய வன்மம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பிள்ளைகள் அப்படித்தான். ஆனால் பத்தாவது நாள் கவி பையை ஆணியில் மாட்டினாள். போக மாட்டேன் என்றாள்.

"ஏண்டி, நீயுமா?" என்றேன். என் கதை அவளுக்குத் தெரியும்.

"டப்பா ரொம்பட்டும். அப்புறம் போறேன்."

வாங்காத கை

யார் யாரிடம் வாங்கினோமோ அவர்களிடமே கொடுத்துவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை. கவியின் நோட்டில் பிள்ளைகளின் பேர் வரிசையாக இருந்தது. முதலில் தினேஷ் வீடு. வாயை அடைத்துவிடலாம் என்று நினைப்பு. எவ்வளவு போட்டான் என்று தெரியாததால் உத்தேசமாக ஐம்பது ரூபாயை மடித்து எடுத்துப் போனேன்.

அவன் அம்மா குழாயடியில் குடம் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"ஏங்க, பொறந்தநாளுக்குன்னு புள்ள கையால குடுத்த காசுங்க அது. திரும்பி வூட்டுக்கு வந்தா புள்ளைக்கு ஆவுமா? நீங்களே சொல்லுங்க."

"கடனா நெனச்சு வாங்கிக்கங்க அக்கா."

"கடனா யாரு குடுத்தா? தருமத்துக்குக் குடுத்தது. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போயிடுங்க, வெள்ளிக்கிழம அதுவுமா."

உள்ளேயிருந்து தினேஷ் குரல் கொடுத்தான். "யாரும்மா? ஃபாரின் அம்மாவா?"

"வாய ஒடச்சிடுவன்டா!" என்று அவர் கத்தினார். என்னிடம் குரலைத் தாழ்த்தி, "புள்ள நல்லாருக்கில்ல, அது போதும்ங்க" என்றார்.

இன்னும் இரண்டு வீடு ஏறி இறங்கினேன். யாரும் கை நீட்டவில்லை. மூன்றாவது வீட்டில் டீ கொடுத்தார்கள். காசை மட்டும் தொடவில்லை. திருப்பித் தர வந்ததே தப்பு என்பதுபோல் பார்த்தார்கள். அந்தக் காசு போக இனி ஒரே இடம்தான் இருந்தது. அது அந்த நாடு.

கிழிந்த டப்பாவைப் பற்றவைக்கக் கொடுத்தேன். மேலே ஒரு ஒட்டுத் தகடு, நடுவில் துளை. பையன் படம் பாதி கருகிவிட்டது. நீல ஸ்வெட்டரும் ஒரு காலும் மிச்சம்.

ஆஸ்பத்திரி மிச்சப் பில்லுக்கு முதலாளியிடம் முப்பத்தைந்தாயிரம் வாங்கியிருந்தேன். வீட்டுக்காரர் அனுப்புவதும் என் கூலியில் பாதியும் அதற்கே போகிறது. அவர் ஊருக்கு வந்த அன்று, "ஜி.எச்.சுக்குத் தூக்கிட்டு ஓடியிருந்தா ஒரு பைசா ஆயிருக்காதுல்ல?" என்றார். ஒரே தடவைதான் கேட்டார். நான் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமை கூலியில் நூறு ரூபாய் டப்பாவுக்கு என்று வைத்தேன். சில வாரம் ஐம்பது. சில வாரம் ஒன்றுமில்லை.

சின்ன அரிவாள்மனை

அமுதா டீச்சர் ஸ்கூட்டியில் மூன்று தடவை வந்தார். "கவி அம்மா, ரிஜிஸ்டர்ல பேரு இருக்கு. நான் எடுக்கல. மிச்சக் காச நானே போட்டுடறேன், புள்ளைய அனுப்புங்க" என்றார்.

கவி அடுப்பங்கரையிலிருந்தே சொன்னாள். "வேணாம் டீச்சர். அப்புறம் அதுக்கும் கைதட்டுவாங்க."

டீச்சர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

இந்தத் தொடருக்கு முதல் பணம் வந்தபோது எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இதோடு ஒரு பகுதி அடைந்துவிடும் என்று டப்பாவை எடுத்தேன். கவி வந்து துளைமேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"நம்ம கதைய எழுதி வர்ற காச இதுல போடாதம்மா. உங்கடனுக்குக் கட்டிக்க."

"பின்ன எப்படிடி ரொம்பும்?"

"நான் அறுத்துப் போடறேன்."

மறுநாள் எனக்கு முன்னால் பட்டறைக்குக் கிளம்பி நின்றாள். சின்னதாக ஓர் அரிவாள்மனையை முதலாளியே எடுத்துக் கொடுத்தார். நான் தடுத்திருக்க வேண்டும். வீட்டில் தனியாக உட்கார்ந்து என்னத்தையாவது நினைத்துக்கொண்டிருப்பாளே என்று பயந்தேன். என் பயம் இப்படித்தான், ஒன்றைத் தள்ளினால் அதைவிடப் பெரிய ஒன்றில் கொண்டுபோய் விடும்.

முதல் வாரம் விரலில் நான்கு இடத்தில் வெட்டு. கண்ணிலிருந்து நிற்காமல் தண்ணீர். மூன்றாவது வாரம் பேசிக்கொண்டே அறுத்தாள். இப்போது குனிந்துகூடப் பார்ப்பதில்லை. ஜீப் சத்தம் கேட்டால், ஆபீசர் யாரும் வருகிறார்களோ என்று அவளைப் பட்டறைக்குப் பின்னால் அனுப்பிவிட்டு நான் எட்டிப் பார்க்கிறேன்.

அவள் வர ஆரம்பித்த பிறகு டப்பா வேகமாக நிறைகிறது. நான் அரை வருஷத்தில் போட்டதை அவள் இரண்டு மாதத்தில் தாண்டிவிட்டாள். கூட இருக்கிற பொம்பளைகள், "கை வேகத்துல அம்மாவத் தோக்கடிச்சிடுவா போலருக்கே!" என்கிறார்கள். அவள் சிரிக்கிறாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது. நான் குனிந்து என் வெங்காயத்தை அறுக்கிறேன்.

போன சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வந்து நூற்றைம்பது ரூபாயைத் துளை வழியாகப் போட்டாள். நோட்டில் எழுதினாள். அவள் எழுதும்போது விரல்களைப் பார்த்தேன். நகக் கண்ணெல்லாம் என்னுடையது மாதிரியே கறுத்திருந்தது.

"இன்னும் கொஞ்சந்தான்டி. ரொம்பினதும் டீச்சர்கிட்ட போயி சொல்லிட்டு வந்துடறேன். நீ திங்கக்கிழமையே போயிடலாம்" என்றேன்.

நோட்டை மூடி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். கையை முகர்ந்து பார்த்தாள்.

"பாப்போம்மா" என்றாள்.

அவளுடைய பை இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. இன்று காலை அவள் குளிக்கப் போனபோது நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். போட்டது நாலாயிரத்து நூற்றைம்பது. நான் குடித்த இளநீரையும் சேர்த்து, அந்த ஸ்வெட்டர் பிள்ளைக்கு நாங்கள் இன்னும் தர வேண்டியது இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.